பத்தாம் வகுப்பின் ஐந்து பாடவேளைகளைத் திருப்பிக் கொடுங்கள்

தலைமையாசிரியர் அவர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும்,

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே, பத்தாம் வகுப்பின் சமூக அறிவியல் பாடவேளைகள் ஐந்தையும் பொதுத்தேர்வு வரைக்கும் கணக்குக்கும் அறிவியலுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டீர்கள். ஒன்பதாம் வகுப்பில் ஐந்தை இரண்டாகக் குறைத்துவிட்டீர்கள். பெற்றோர் எவரிடமும் கேட்காமல் எடுக்கப்பட்ட இந்த முடிவை, உங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி நோட்டின் உள்ளட்டையில் ஒட்டி வைத்திருந்த புதிய கால அட்டவணையைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். மறுநாளே நேரில் வந்து கேட்டேன். என்னை உட்கார வைத்துப் பொறுமையாகப் பேசினீர்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் பேச்சின் முடிவில், "உங்களுக்குத் தெரியாததா சார், சோசியல்தானே, படிச்சா வந்துடும்" என்று சொன்னீர்கள். அந்த ஒரு வாக்கியத்தை என்னால் விழுங்க முடியாததால்தான் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உத்திரமேரூர் வட்டாரத்துப் பள்ளிகள் மூன்றில் 31 ஆண்டுகள் சமூக அறிவியல் ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் சொன்ன வாக்கியத்தை அந்த 31 ஆண்டுகளிலும் ஆசிரியர் அறையில் கேட்டிருக்கிறேன். ஒரு முறை நானே அதற்கு உடன்பட்டும் இருக்கிறேன். பொறுப்புத் தலைமையாசிரியராக இருந்த ஆண்டில், நூறு விழுக்காடு தேர்ச்சி வேண்டும் என்ற நெருக்கடியில், என் சொந்தப் பாடத்தின் வேளைகளை நானே கணக்கு ஆசிரியருக்குத் தூக்கிக் கொடுத்தேன். அந்த ஆண்டு கணக்கில் தவறியவர்கள் முந்தைய ஆண்டைவிடக் குறையவில்லை. வகுப்பில் ஏற்கெனவே பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்கு அதே கணக்கை அதே முறையில் இன்னும் ஐந்து மணி நேரம் நடத்தினோமே ஒழிய, அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று நாங்கள் பார்க்கவே இல்லை. ஆகவே உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியாதது அல்ல என்பதைச் சொல்லிவிட்டே என் குறையைச் சொல்கிறேன்.

முதலில், பறித்துக்கொண்ட பாடவேளைகளுக்கு ஈடாக நீங்கள் பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கும் அந்த 36 பக்க ஜெராக்ஸ் கட்டு. அதை மினிமம் மெட்டீரியல் என்கிறார்கள். அதிலிருந்து தினமும் மாலையில் பத்து ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு ஸ்லிப் டெஸ்ட் நடக்கிறது. அந்தக் கட்டை ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்து படித்தேன். தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் இருப்பதாக அது சொல்கிறது. நம் காஞ்சிபுரம் மாவட்டமே 2019 நவம்பரில் இரண்டாகப் பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. இன்று மாவட்டங்கள் 38. இந்தியாவில் 29 மாநிலங்களும் 7 யூனியன் பிரதேசங்களும் என்று அது சொல்கிறது. சம்மு காசுமீர் பிரிக்கப்பட்டதும், தாத்ரா நகர் அவேலியும் தாமன் தையூவும் ஒன்றாக்கப்பட்டதும் ஆன பிறகு கணக்கு 28, 8 என்று ஆகிவிட்டது. தமிழக சட்டமன்றத்தில் 234 பேரோடு ஆங்கிலோ இந்தியர் ஒருவர் நியமிக்கப்படுவதாக அது சொல்கிறது. அந்த நியமன முறை 2020 ஜனவரியோடு முடிந்துபோனது. அரசு அச்சிட்டுக் கொடுத்த பாடநூல் பையில் இருக்க, எந்தக் காலத்து வழிகாட்டி நூலிலிருந்தோ நகலெடுத்த இந்தக் கட்டை எங்கள் பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள். பாடவேளை இருந்திருந்தால் ஆசிரியர் ஒருவர் அதைக் கையில் எடுத்திருப்பார், முதல் பக்கத்திலேயே பிழையைப் பார்த்திருப்பார். ஸ்லிப் டெஸ்டைத் திருத்துகிறவர்கள் வகுப்புத் தலைவர்கள். விடைத்தாளில் 32 என்று இருந்தால் அவர்கள் சரி என்று குறியிடத்தான் செய்வார்கள்.

பிழைகளைத் திருத்திவிட்டால் போதும் என்று நீங்கள் நினைக்கக்கூடும். சரியான விடைகள் மட்டுமே உள்ள கட்டாக இருந்தாலும் என் குறை தீராது. போன வாரம் என் பேத்தி, அரசியலமைப்பு ஏற்றுக்கொள்ளப்பட்ட நாள் 26.11.1949, நடைமுறைக்கு வந்த நாள் 26.1.1950 என்று இரண்டையும் உரக்கச் சொல்லிப் படித்துக்கொண்டிருந்தவள், சட்டென்று நிறுத்தி, "ஏன் தாத்தா, ஏத்துக்கிட்டாங்கன்னா அன்னிக்கே ஆரம்பிக்க வேண்டியதுதானே, எதுக்கு ரெண்டு மாசம் காத்திருந்தாங்க?" என்று கேட்டாள். அந்தக் கட்டில் இதற்கு விடை இல்லை. விடை வரலாற்றுப் பகுதியில், காந்திய காலகட்டத்துப் பாடத்தில் இருக்கிறது. 1929 டிசம்பர் இறுதியில் லாகூரில் கூடிய காங்கிரஸ் முழு விடுதலையே இலக்கு என்று தீர்மானித்து, 1930 ஜனவரி 26ஆம் நாளை விடுதலை நாளாகக் கொண்டாடச் சொன்னது. பிறகு விடுதலை கிடைத்ததோ ஆகஸ்ட் 15இல். இருபது ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்த அந்த ஜனவரி 26 வீணாகிவிடக் கூடாது என்பதற்காகவே குடியரசுக்கு அந்த நாளைத் தேர்ந்தார்கள். குடிமையியல் பாடத்தில் எழும் கேள்விக்கு வரலாற்றுப் பாடத்தில் விடை இருப்பதைக் காட்டிக் கொடுப்பதற்குத்தான் வகுப்பில் ஓர் ஆசிரியர் வேண்டும். கேள்வி கேட்ட பிள்ளைக்கு வீட்டில் ஒரு தாத்தா அகப்பட்டார். அவளோடு அதே வகுப்பில் இருக்கும் மற்றவர்களின் தாத்தாக்கள் செங்கல் சூளையிலும் வயலிலும் இருக்கிறார்கள்.

நம் பள்ளியிலிருந்து உத்திரமேரூர் எத்தனை தொலைவு? டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் ஆகாது. பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அங்கே வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர்களில் இருக்கின்றன. குடவோலை முறை பற்றி இரண்டு மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதும் பிள்ளைகள் தமிழ்நாடு முழுவதும் இருப்பார்கள். அந்தச் சுவரைப் பேருந்துக் கட்டணத்தில் போய்த் தொட்டுப் பார்த்து வரக்கூடியவர்கள் நம் பிள்ளைகள்தாம். உங்கள் பள்ளியில் இப்போது பத்தாம் வகுப்பில் இருப்பவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான் என் பேத்தியின் தோழிகள் ஏழு பேரிடம் கேட்டேன். கோயிலுக்குப் போயிருந்தவர்கள் மூன்று பேர், சுவரில் எழுத்து இருப்பதைக் கவனித்தவர் ஒருவரும் இல்லை.

2004 வாக்கில் நான் ஒரு வகுப்பை அங்கே அழைத்துப் போயிருந்தேன். ஊரை 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்ததையும், தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்ததையும், அப்படித் தேர்ந்தவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம் என்ற ஆண்டுக் குழுவுக்கும் 12 பேர் தோட்ட வாரியத்துக்கும் 6 பேர் ஏரி வாரியத்துக்கும் போனதையும் சொன்னேன். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது என்று நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பின்வரிசையில் நின்ற ஒரு பையன், "கணக்குக் காட்டாதவங்க நிக்கக் கூடாதுன்னு அப்பவே இருந்துச்சுன்னா, இப்ப மட்டும் எப்படி சார் நிக்கிறாங்க?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தேர்தல் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யாத வேட்பாளரை மூன்று ஆண்டுகள் தகுதி நீக்கம் செய்ய இன்றைய சட்டத்திலும் இடம் இருப்பதை அவனுக்குச் சொன்னேன். அவன் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. அதற்குள் காலனியிலிருந்து வரும் ஒரு பெண், மிகக் குறைவாகப் பேசுகிறவள், "இந்தக் குடத்துல எங்க தாத்தாவோட தாத்தா பேரு இருந்திருக்குமா சார்?" என்று கேட்டாள்.

இருந்திருக்காது என்று சொன்னேன். அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம், நிலமும் வேதமும் உள்ள ஆண்களின் பெயர்கள் மட்டுமே குடத்துக்குள் போயின, அந்த நிலத்தை உழுதவர்களின் பெயர்கள் போகவில்லை, பெண்கள் பெயரும் போகவில்லை என்று சொன்னேன். அதைச் சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிட்டு வர முடியுமா? திரும்பி வந்த பிறகு இரண்டு பாடவேளைகள் அந்தக் கேள்வியோடே போயின. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கணக்குத் தணிக்கையையும் பதவிக்கால வரம்பையும் எண்ணிப் பார்த்தவர்கள், ஊரில் பெரும்பாலோரை வெளியே நிறுத்தியும் வைத்திருந்தார்கள் என்ற இரண்டையும் ஒரே நேரத்தில் பிள்ளைகள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அங்கிருந்து ஊராட்சிகள் பற்றிய 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்கு வந்தோம், தமிழ்நாட்டின் 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்துக்கு வந்தோம், பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு ஏன் எழுதப்பட்டது என்பதற்கு வந்தோம். அந்தப் பெண் கடைசி வரை வேறெதுவும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் உட்காரும் இடம் முன்வரிசைக்கு மாறியதை நான் கவனித்தேன். உங்கள் மினிமம் மெட்டீரியலில் குடவோலை ஒரு மதிப்பெண் கேள்வியாகக்கூட இல்லை, ஏனென்றால் அது கீழ் வகுப்புப் பாடம். கீழ் வகுப்பிலோ, ஆசிரியரைப் பதிவேற்ற வேலைக்கும் வாக்காளர் பட்டியல் வேலைக்கும் அனுப்பிவிட்டுப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் ஒன்றியத்தில் 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. வழக்குகளால் தேர்தல் நின்றது. 2019 டிசம்பரில் மற்ற மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தபோதும், எல்லை பிரிப்பு முடியவில்லை என்பதால் காஞ்சிபுரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்கள் விடுபட்டன. இங்கே வாக்குப்பதிவு நடந்தது 2021 அக்டோபரில்தான். ஐந்து ஆண்டுகள் நம் ஊர்களைத் தனி அலுவலர்கள் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் நான் ஒன்பதாம் வகுப்பில் உள்ளாட்சிப் பாடம் நடத்தினால், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கும் என்று புத்தகம் சொல்லும், "அப்ப நம்ம ஊருக்குத் தலைவர் யாரு சார்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். புத்தகத்துக்கும் தெருவுக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளிதான் குடிமையியல் பாடத்தின் உயிர். அதைக் கேட்கவும் பேசவும் நேரம் வேண்டும்; மனப்பாடக் கட்டில் அதற்கு இடம் கிடையாது.

புவியியலும் அப்படித்தான். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். ஏரிக்கரை மேல் நடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகள், வடக்கு எங்கே என்று கேட்டால் கரும்பலகையின் மேல்விளிம்பைக் காட்டுகிறார்கள், ஏனென்றால் நிலப்படத்தில் வடக்கு மேலே இருக்கிறது என்று மட்டுமே யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நிலப்படத்தைத் தரையில் விரித்து, சூரியனைப் பார்த்துத் திருப்பி வைத்து, ஊர் மதகைப் படத்தில் தேடச் சொன்னால் பத்து நிமிடத்தில் அந்தக் குழப்பம் தீரும். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் கேட்கிறேன்.

2015 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளி திறந்ததும் பத்தாம் வகுப்பில் வடகிழக்குப் பருவக்காற்றுப் பாடம் நடத்த வேண்டியிருந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு ஊர் வரைபடத்தின் நகலை வாங்கி வந்தேன். எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று பிள்ளைகளே வீடு வீடாகக் கேட்டுப் பென்சிலால் குறித்தார்கள். குறித்து முடித்த பிறகு பார்த்தால், இடுப்பளவு தண்ணீர் நின்ற வீடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருந்தன. ஏரியின் கலங்கலிலிருந்து உபரி நீர் போன பழைய கால்வாய் அது. வரைபடத்தில் நீர்நிலைப் புறம்போக்கு என்று இருந்தது, தரையில் தெருவாக இருந்தது. தமிழ்நாட்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது, அதைப் பிடித்து வைக்கத்தான் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக ஏரிகளை வெட்டினார்கள், மேல் ஏரி நிறைந்தால் தண்ணீர் கீழ் ஏரிக்குப் போக வழி வேண்டும் என்பதை அன்றைக்கு நான் விளக்க வேண்டியே இருக்கவில்லை. வகுப்பில் அந்தக் கோட்டின் மேல் வீடு உள்ள பையன் ஒருவன் இருந்தான். அவன் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகு தனியாக வந்து, "எங்களுக்குப் பட்டா கிடைக்காதா சார்?" என்றான். நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா கொடுப்பது கடினம் என்பதையும், வேறிடத்தில் மனை கேட்டு அவன் அப்பா யாருக்கு மனு எழுதலாம் என்பதையும் சொன்னேன். எல்லார் முன்னாலும் அந்தக் கோட்டைப் போட வைத்திருக்க வேண்டாமோ என்று இன்றும் தோன்றும். ஆனாலும் அந்த மனுவை அவனே எழுதினான், வட்டாட்சியர் யார், வருவாய் ஆய்வாளர் யார், யாருக்கு மேல் யார் என்று தெரிந்துகொண்டு எழுதினான்.

வரலாற்றுக்கு வருவோம். பத்தாம் வகுப்பின் முதல் பாடமே முதல் உலகப்போர். ஐரோப்பாவில் யார் யாரோடு கூட்டு என்ற பட்டியலில் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற செருமானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று எண்ணெய்க் கிடங்குகள் மேல் குண்டு போட்டது என்று தொடங்கினால், "அதனாலதான் எங்க ஆயா எங்கண்ணனை எம்டன்னு திட்டுதா?" என்று ஒரு கை உயரும். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு போருக்குத் தீ மூட்டிய கொலை நடந்த சரயேவோ வரைக்கும் போய்விடலாம். நம்மைச் சுற்றிலும் இதே போன்ற இடங்கள் கிடக்கின்றன. 1760 ஜனவரி 22இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் என்பவரின் படை லாலியின் பிரெஞ்சுப் படையை முறியடித்த வந்தவாசி, நம் பிள்ளைகள் துணி எடுக்கப் போகும் ஊர். 1780 செப்டம்பர் 10இல் ஐதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படையை அழித்த புள்ளலூர் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் போரின் காட்சி சீரங்கப்பட்டணத்து அரண்மனைச் சுவரில் ஓவியமாக இருக்கிறது. அதே புள்ளலூரில்தான் மகேந்திரவர்மப் பல்லவன் பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. ஓர் ஊரின் பெயர் ஏன் நூற்றாண்டுகள் கடந்தும் போரோடு சேர்ந்தே வருகிறது, தலைநகரத்துக்குப் போகும் வழி எது, படைக்குத் தண்ணீர் எங்கே என்று கேட்டால் வரலாறும் புவியியலும் தாமே ஒன்றாகிவிடும். இதில் எதைப் படிச்சா வந்துடும் என்கிறீர்கள்?

வராது என்பதற்கு இன்னொரு சான்றும் நம் ஊர் நூலகத்தில் இருக்கிறது. எந்த நாளும் காலையில் போய்ப் பாருங்கள். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். அவர்கள் மேசையில் கிடப்பவை ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான சமூக அறிவியல், வரலாற்றுப் பாடநூல்கள். உங்கள் பள்ளியில் படித்தவர்களும் அவர்களில் உண்டு. பத்தாம் வகுப்பில் புக் பேக், அதாவது பாடத்தின் பின்னால் உள்ள கேள்விகளை மட்டும் படித்து 35 தாண்டினால் போதும் என்று அனுப்பிவிட்ட பாடத்தை, 25 வயதில் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டி முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறார்கள். "சார், ஆளுநரோட அவசரச் சட்டம் ஆறு மாசமா, ஆறு வாரமா?" என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். சட்டமன்றம் மீண்டும் கூடியதிலிருந்து ஆறு வாரம் என்று சொல்லி, ஏன் அப்படி வைத்தார்கள் என்பதையும் சொன்னேன். "இதை யாரும் சொன்னதே இல்ல சார், ஆறுன்னு மட்டும்தான் தெரியும்" என்றான்.

கணக்கில் தவறப் போகிற பிள்ளைகளை என்ன செய்வது என்று நீங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். நான் பார்த்த வரையில், கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளில் பலருக்குக் கணக்கின் வாக்கியத்தையே வாசித்துப் புரிந்துகொள்ள வராது. ஒரு பத்தியை வாசித்து, அதில் காரணம் எது, விளைவு எது, முந்தியது எது, பிந்தியது எது என்று பிரித்துப் பார்க்கும் பயிற்சி அவர்களுக்கு வேறெந்தப் பாடத்தைவிடவும் வரலாற்று வகுப்பில் கிடைக்கும். அந்த வகுப்பை எடுத்துவிட்டுக் கணக்கைக் கூட்டுவது, தண்ணீர் வரும் மதகை அடைத்துவிட்டு வயலில் கூடுதல் விதை தூவுவது போல ஆகிவிடும். மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்குக் காலையில் அரை மணி நேரம் முன்னதாகச் சிறு குழுக்களாகக் கணக்கு நடத்துங்கள்; ஊரில் பட்டம் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நான்கு பேரை நானே அழைத்து வருகிறேன்.

மேலாண்மைக் குழுவினருக்கு ஒரு சொல். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும் என்று வைத்தது, தலைமையாசிரியர் நீட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவதற்காக அல்ல. இந்த அட்டவணை மாற்றம் உங்கள் கூட்டத்தில் விவாதிக்கப்பட்டதா என்று இரண்டு உறுப்பினர்களிடம் கேட்டேன். ஒருவருக்குத் தெரியவில்லை, மற்றவர், "நமக்கு என்னங்க தெரியும், டீச்சருங்க பார்த்துக்குவாங்க" என்றார். சம்வத்சர வாரியத்தாரிடம் கணக்குக் கேட்ட ஊருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நாம் இப்படிச் சொல்வது எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஆகவே நான் கேட்பவை இவை. பத்தாம் வகுப்பின் ஐந்து பாடவேளைகளையும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து எடுத்த மூன்றையும் வருகிற திங்கட்கிழமை முதல் சமூக அறிவியலுக்கே திருப்பிக் கொடுங்கள். ஐந்தையும் உடனே கொடுக்க இயலாது என்றால், வாரம் மூன்றுக்குக் குறையாமல் இப்போது கொடுத்து, மீதியைத் திருப்புதல் தேர்வு முடிந்ததும் கொடுப்பதாகத் தேதி போட்டு அறிவியுங்கள். அந்த 36 பக்கக் கட்டை உடனடியாகத் திரும்பப் பெற்று, பாடநூலை மட்டுமே பயன்படுத்தச் சொல்லுங்கள். ஏற்கெனவே மனப்பாடம் செய்துவிட்ட பிழையான விடைகளைப் பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லித் திருத்துங்கள். சமூக அறிவியல் ஆசிரியரைப் பாடவேளைகளில் பதிவேற்ற வேலைக்கு அனுப்பாதீர்கள். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை இந்தக் கல்வியாண்டுக்குள் ஒரு நாள் உத்திரமேரூர் கல்வெட்டைப் பார்க்க அழைத்துச் செல்லுங்கள். பேருந்துச் செலவை நான் ஏற்கிறேன், கூட வந்து விளக்கவும் தயார். ஜனவரி 26 கிராம சபைக் கூட்டத்துக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்வையாளர்களாக வர அனுமதியுங்கள். அன்று ஊராட்சியின் வரவு செலவு வாசிக்கப்படும்போது அவர்கள் காதில் விழட்டும். இனி எந்தப் பாடத்தின் வேளையையும் மாற்றுவதானால், மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்து, காரணத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகே மாற்றுங்கள்.

இந்த மடலின் கையெழுத்திட்ட படியொன்றை அலுவலகத்தில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கியிருக்கிறேன். குழுவின் அடுத்த கூட்டம் வரும் வெள்ளிக்கிழமை என்று அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. அன்று இதை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, எடுக்கும் முடிவு எதுவானாலும் எனக்கு எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் வெளியே வேப்பமரத்தடியில் காத்திருப்பேன். அழைத்தால் உள்ளே வந்து பேசுவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பட்டதாரி ஆசிரியர் (சமூக அறிவியல்),
உங்கள் பள்ளியின் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாத்தா